லாஷிங் ஜார்ஜ் கட்டுன ஒயரு

ஜார்ஜண்ணனப் பத்தி யாராவது வாய்க்கு வந்தபடி பேசுனா எனக்கு சுர்ருனு ஏறும். டீக்கடை பெஞ்சுல குந்திகினு, "அந்தாளு கட்டி வெச்சதாலதான் பிளாக்கே பத்திக்கினுது"ன்னு நாலு சோம்பேறிங்க நாட்டாம பண்றானுங்க. கட்டசொல்ல அந்த நாலு பேரும் எங்க போயிருந்தானுங்க? படிக்கட்டுல நின்னுகினு, "சூப்பருண்ணே, ஜோரா கீதுண்ணே"ன்னு பல்லக் காட்டிகினு இருந்தானுங்க. வுட்டா இப்ப இவனுங்கதான் நீதிபதி. போங்கடா கய்தைங்களா. எதிர் வூட்டுக்காரி நான் கீறேன், இத்தினி வருசமா அவர தெனம் பாத்தவ. நான் சொல்றேன் கேளு.

என் பேரு நீலா. காசிமேட்டுப் பக்கம் எங்க பிளாக்கு கேட்டாண்ட ஆப்பக் கடை போட்டுகினு கீறேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்வாங்க. சொல்லிட்டுப் போவட்டும். ரெண்டாவது மாடியில என் வூட்டுக்கு நேரெதிர் வூடுதான் ஜார்ஜண்ணனுது. அவரும் ஜானட்டக்காவும் மட்டுந்தான். புள்ள குட்டி இல்ல.

அண்ணன் ராயபுரத்துலயே பொறந்து வளந்தவரு. மீச மொளைக்கிறதுக்கு முந்தியே துறைமுகத்துல வேலைக்குப் போய்ட்டாரு. லாஷிங் வேல. தெரியாதவங்களுக்கு சொல்றேன். கப்பல்ல சரக்க ஏத்துனா மட்டும் போதாது, கடல்ல அது ஆடிகினு போவசொல்ல சரக்கு உருளாம நவுராம இருக்கணும். கயிறு, சங்கிலி, இரும்புக் கம்பின்னு போட்டு அத்த இறுக்கிக் கட்டுவாங்க, மேல தார்ப்பாய் போட்டு மூடுவாங்க. அதுக்குப் பேருதான் லாஷிங். கன்டெய்னரு பெட்டி ஏத்துற கப்பலு வந்தப்பறமும் அதே வேலதான் பாத்தாரு. ராயபுரம் பூரா அவருக்கு லாஷிங் ஜார்ஜுன்னே பேரு. மாதா கோயில் பூசையில கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கசொல்ல கூட பின்னால இருந்து ஒருத்தன், "எந்த ஜார்ஜு, லாஷிங் ஜார்ஜா?"ன்னு கேட்டானாம். ஜானட்டக்கா இத்த சொல்லிச் சொல்லி சிரிக்கும்.

அவருக்கு ஒரு தோஸ்து இருந்தாரு, ஜெரால்டுன்னு. ஒருநாள் இரும்புப் பைப்பு ஏத்துன கப்பலு. எவனோ ஒரு கட்ட அரகொறையா வுட்டுட்டுப் போய்ட்டான். பைப்பு உருண்டுது. ஜெரால்டு அடியில. அண்ணன் பக்கத்துலயே நின்னுகினு பாத்துகினு இருந்தாரு, ஒண்ணும் பண்ண முடியல. அதுக்கப்பால அந்த மனுசனால எதையும் லூசா பாக்க முடியாது. வூட்டுல கேஸு சிலிண்டர சுவத்தோட கட்டியிருப்பாரு. டீவிய கட்டியிருப்பாரு. தண்ணி டிரம்மு மூடிய கட்டியிருப்பாரு. கிறிஸ்மஸுக்கு வாசல்ல மாட்டுற ஸ்டார கூட ஆடவுடாம நாலு பக்கமும் இஸ்து கட்டுவாரு. அக்கா தலையில அடிச்சிக்கும். "யோவ், அது ஸ்டாருய்யா, சரக்கு இல்ல. கொஞ்சம் ஆடட்டும் வுடுய்யா." அண்ணன் கேக்க மாட்டாரு. "லூசா வுட்டா உசுரு பூடும் ஜானட்டு"ன்னுவாரு.

ஜானட்டக்கா இறால் உரிக்கிற கம்பெனில வேல பாத்திச்சி. ஐஸுத் தண்ணியில கைய வெச்சி வெச்சி வெரலெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். ஆனா அது சிரிச்சா கீழ் மாடி வரைக்கும் கேக்கும். என் ஆப்பத்துக்கு தெனம் கொற சொல்லும், தெனம் அத்தயே துன்னும். அந்த அக்காவுக்குதான் மூச்சு வாங்க ஆரம்பிச்சிது. மொதல்ல மாடி ஏற முடியல. அப்பால குளிக்க முடியல. நுரையீரலு காஞ்சி போச்சுன்னாங்க டாக்டருங்க. எதனாலன்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொன்னாங்க. எங்க பக்கத்துல ஜன்னல் கம்பிய தொடச்சா துணி கருப்பாவுது. நாங்க இன்னாத்த சொல்றது?

ஆஸ்பத்திரியில இருந்து வரசொல்ல ஒரு ஆக்சிஜன் மிஷினோட வந்தாங்க. பெரிய பெட்டி மாதிரி, அடியில சக்கரம் வெச்சது. பிளக்க சொருவுனா அதுவே காத்த இஸ்து ஆக்சிஜனா குடுக்கும். அதுலருந்து நீட்டமா ஒரு குழாயி, அக்கா மூக்குல. ராப்பகலா அது ஓடணும். குழாய எடுத்தா கொஞ்ச நேரத்துலயே அக்காவோட வெரல் நுனி நீலமா பூடும். கரண்டு போனா அவசரத்துக்குன்னு ஒரு சிலிண்டரு வெச்சிருந்தாரு அண்ணன். அது தீந்தா கடைக்கு எடுத்தும்போய் ரொப்பிகினு வரணும். அவ்ளோதான். கரண்டு இருந்தா ஜானட்டக்கா இருக்கும். கரண்டு இல்லன்னா இல்ல. அவரு வாழ்க்கை பூரா அந்த ஒரு பிளக்குல வந்து நின்னுபோச்சி.

இப்ப ஒயரு கதைக்கு வரேன். எங்க பிளாக்குல இருக்கறது ஒரே ஒரு படிக்கட்டு. அதுக்கடியில மீட்டர் ரூமு. அங்கருந்து வூட்டுக்கு ஒரு ஒயரு, படிக்கட்டு சுவரு மேலயே ஏறிப் போவும். நாங்க குடி வரசொல்ல வூட்டுக்கு ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனு. அதுக்குப் போட்ட ஒயரு அது. அப்பால ஃபிரிஜ்ஜு வந்திச்சி, கிரைண்டரு வந்திச்சி, இப்ப வூட்டுக்கு வூடு ஏசி. பொய் சொல்ல மாட்டேன், என் வூட்லயும் ஏசி கீது. ஒயர மட்டும் ஒருத்தரும் மாத்தல. அடிக்கடி ஃபீஸு போனா, ஃபீஸு கட்டையில மெல்லிசு கம்பிய எடுத்துட்டு தடியா ஒரு கம்பிய சுத்தி வுட்டுடுவாங்க. அப்பால ஃபீஸே போவாது. ஆஹா, தொல்லை தீந்துதுன்னு போய் படுத்துக்குவாங்க.

அந்த ஒயருங்க அவுத்துப்போட்ட சடை மாதிரி தொங்கிகினு இருந்திச்சி. பசங்க புடிச்சி ஆடும். மழைக்காலத்துல கடல் காத்து உள்ள பூந்தா சுவத்துல டப் டப்புனு அடிச்சிக்கும். உப்புக் காத்து வேற. எங்க பக்கத்துல அது எத்தையும் வுட்டு வெக்காது. கேட்டு, சைக்கிளு, ஜன்னலு, அல்லாத்தையும் துன்னுடும். அத்தொட்டு எங்காளுங்க எதுனா புதுசா வாங்குனா மொதல்ல கவரு போட்டு சுத்திதான் வெப்பாங்க. நீ எங்க பக்கம் வந்து பாரு, பாதி பேரு வூட்ல ரிமோட்டு கூட கவருக்குள்ளதான் கீது.

அக்காவுக்கு மிஷின் வந்த வருசம் மழைக்கு முந்தி அண்ணன் கயிறும் தார்ப்பாயும் எடுத்துகினு வந்துட்டாரு. தொங்கிகினு இருந்த அத்தினி ஒயரையும் நேராக்கி, ஒண்ணா சேத்து, கீழருந்து மேல் மாடி வரைக்கும் முழத்துக்கு ஒரு கட்டு. அந்த இறுக்கம் இருக்கே, கத்தி கூட உள்ள போவாது. மேல தார்ப்பாய சுத்தி, அதுக்கு மேல மறுபடி கயிறு. பாக்க ஒரு தூணு மாதிரி நின்னுது. பிளாக்கே வந்து பாத்துட்டு கை தட்டுச்சி. கலீஜா கெடந்த படிக்கட்டு பளிச்சினு ஆய்டுச்சில்ல.

அன்னைக்கு அண்ணன் என்னாண்ட ஒரு விசயம் சொன்னாரு. குரல எறக்கி, எதோ ரகசியம் மாதிரி. "எங்க வூட்டு ஒயர நட்ட நடுவுல வெச்சிகீறேன் நீலா. ஒடையிற சரக்க அப்டித்தான் வெப்போம். சுத்தி மத்த ஒயரு கீது, அதுக்கு மேல பாயி கீது. காத்து படாது, தண்ணி படாது, எவன் கையும் படாது. ஜானட்டு மூச்சு பத்திரமா மேல போவும்." எனக்கு கண்ணு கலங்கிப் போச்சி. இப்டி ஒரு புருசன் யாருக்கு வாய்ப்பான்னு நெனச்சேன்.

மழைக்காலம் பூரா ஒரு பிரச்சினையும் இல்ல. தெருப்பூனைங்க மட்டும் படிக்கட்டுல வந்து அந்தத் தூணு மேல முதுக ஒட்டிகினு படுத்துக்கும். பாருடா, அதுங்களுக்கும் எடம் புடிச்சிருக்குன்னு நாங்க சிரிச்சோம். அது ஏன் அங்க வந்து படுக்குதுன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தோணல.

கத்திரி வெய்யிலு வந்திச்சி. மதியானம் ஆனா வூட்டுக்கு வூடு ஏசி ஓடும். அப்பதான் அக்காவோட மிஷினு கீ கீன்னு கத்த ஆரம்பிச்சிது. வோல்டேஜு பத்தலன்னா அது அப்டி கத்தும். கத்தும், நிக்கும், மறுபடி ஓடும். ஒவ்வொரு தபா கத்தசொல்லயும் அண்ணன் படிக்கட்டுக்கு ஓடியாருவாரு. எங்கயோ ஒயரு லூசாயிடுச்சின்னு நெனப்பு. லாஷிங்காரன் வேற இன்னா நெனப்பான்? கட்ட இன்னும் இறுக்குவாரு. உப்புக் காத்து பூந்துடுச்சோன்னு இன்னொரு பாய சுத்துவாரு. மறுநாளு மிஷினு இன்னும் ஜாஸ்தி கத்தும். அவரு இன்னும் இறுக்குவாரு. ஐயோ, இப்ப நெனச்சா எனக்கு வவுறு எரியுது. அந்த மனுசன் அவரு கையாலயே ஒவ்வொரு நாளும்... சரி, வுடு.

ஒருநாள் நான் தண்ணி குடத்தோட மேல போவசொல்ல முழங்கை அந்தத் தூணு மேல பட்டுடுச்சி. தோசைக்கல்லு. "அண்ணே, கொதிக்குதுண்ணே"ன்னேன். "சுவரே கொதிக்குது நீலா, வெய்யிலு"ன்னாரு. ரப்பரு வேவுற மாதிரி ஒரு வாசனை கூட வந்துகினு இருந்திச்சி. எங்க பக்கத்துல எத்தினியோ நாத்தம். கொடுங்கையூர்ல குப்ப எரிஞ்சா அதுவும் சேந்து வரும். யாரு பிரிச்சிப் பாத்தா? அண்ணன் கரண்டு ஆபீஸுல கம்ப்ளெயின்டு குடுத்தாரு. வந்தவங்க வெளிய கம்பத்தப் பாத்துட்டு, "எங்க லைனு நல்லா கீது, உள்ள உங்க பாடு"ன்னு போய்ட்டாங்க. அதுவும் நெசந்தான்.

அக்கா பேச்சு கொறைஞ்சி போச்சி. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல மூச்சு வாங்கும். ஆப்பத்துக்கு கொற சொல்றத நிறுத்திடுச்சி. அதுலயே எனக்கு பயம் வந்துடுச்சி. அண்ணன் சாப்பாட்டுத் தட்டோட வந்து மிஷின் எதிர்லயே குந்திக்குவாரு. அதுல இருக்கற பச்சை லைட்டயே பாத்துகினு இருப்பாரு. ஒரு கவளம் துன்னுட்டு தட்ட அப்டியே வெச்சிடுவாரு.

அந்த ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி நோயல இட்டுகினு வந்தாரு. நோயலு டோல்கேட்டாண்ட ஒயரிங் வேல பாக்குற பையன், கல்யாணமாயி ரெண்டு புள்ளைக்காரன், எங்களுக்கு சின்ன வயசுலருந்து தெரிஞ்சவன்தான். நான் கடைய கழுவி கவுத்துட்டு படிக்கட்டாண்ட நின்னுகினு இருந்தேன். நோயலு வந்தான். தூணு மேல கைய வெச்சான். வெச்ச கைய வெடுக்குனு இஸ்துகினான்.

"யோவ் மாமு, இன்னாய்யா பண்ணி வெச்சிகீற?"

"இன்னாடா? லூசா கீதா?"

"லூசா இருந்தா நல்லா இருந்திருக்குமே! ஒயர்ல கரண்டு ஓடுனா சூடு வரும் மாமு. அந்த சூடு வெளிய போவ காத்து வேணும். நீ அத்தினி ஒயரையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பாயப் போட்டு மூட்டை கட்டி வெச்சிகீற. ஆபீஸ் டயத்துல பஸ்ஸுல ஏறுனா ஓரத்துல நிக்கிறவனுக்காச்சும் ஜன்னல் காத்து வரும். நட்ட நடுவுல மாட்டுனவன் கதி இன்னா? அந்த மாதிரிதான். நடுவுல கீற ஒயருதான் மொதல்ல வேவும்."

அண்ணன் மொகத்த நான் பாத்தேன். எனக்கு அங்க நிக்கவே முடியல.

"நடுவுல யாரு வூட்டு ஒயரு?"ன்னான் நோயலு.

அண்ணன் ரெண்டாவது மாடியப் பாத்தாரு. நான்தான் சொன்னேன். நோயலு ஒரு நிமிசம் தலைய சொறிஞ்சிகினு நின்னான். அப்பால மெதுவா சொன்னான். "மாமு, மெயின் சுச்ச அமத்திட்டு கட்ட பூரா அறுக்கணும். இப்பவே."

"சிலிண்டரு ரொப்பப் போயிருக்குடா. இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடும். அது வந்துடட்டும்."

"அதுவரைக்கும் தாங்காது."

"அப்ப ஏசிய அமத்த சொல்லலாண்டா! அல்லாரும் அமத்துனா சூடு எறங்கும் இல்ல? எறங்கும்தானே? சொல்லுடா!" அவன் கைய புடிச்சிகினு கெஞ்சுனாரு. எத்தினி வருசமா அவர பாத்துகினு கீறேன், ஒருத்தராண்டயும் அவரு கெஞ்சி நான் பாத்ததில்ல.

நோயலு என்னப் பாத்தான். "போ யக்கா, சீக்கிரம் போ"ன்னான். நான் பொடவைய தூக்கி சொருவிகினு ஓடுனேன். கதவு கதவா தட்டுனேன். "ஏசிய அமத்துங்க, ஃபிரிஜ்ஜ அமத்துங்க, ஜானட்டக்கா உசுரு!" சில பேரு ஒடனே அமத்துனாங்க. சில பேரு, "ஞாயித்துக்கெழமயும் வுட மாட்டியா?"ன்னு மொணவிகினே அமத்துனாங்க. மேல் மாடியில மகிழினி கதவ கொஞ்சமாத்தான் தெறந்தா. மடியில பச்சப்புள்ள, பொறந்து ஒரு மாசம் கூட ஆவல, ஒடம்பு பூரா வேர்க்குரு. "இப்பதான் யக்கா கண்ண மூடிச்சி. மூணு நாளா கத்திகினே கெடந்துது"ன்னா. அவ கண்ணுல தண்ணி. நான் அவள எப்டி திட்டுவேன்? ஆனாலும் கத்திட்டேன். "அமத்துடி!" அமத்திட்டா. புள்ள முழிச்சிகினு வீல்னு கத்துச்சி.

அப்பதான் பொகைய பாத்தேன்.

முதல் மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல, தார்ப்பாய் மடிப்புலருந்து மெல்லிசா, நீலமா வந்துகினு இருந்திச்சி. உள்ள வெந்தது வெந்ததுதான். நடு ஒயரு மேல இருந்த ரப்பரு உருகி, உள்ள கம்பியும் கம்பியும் ஒட்டிக்கினுது. ஏசிய அமத்தி இன்னா புண்ணியம்? ஃபீஸு போயிருந்தா கரண்டு தானா நின்னிருக்கும். அதுல எங்காளுங்க சுத்தி வெச்ச தடிக்கம்பி, அது எங்க போவும்? பாயி சுருங்கி சொட்டு சொட்டா எரிஞ்சி விழ ஆரம்பிச்சிது. மேல இருந்து பொம்பளைங்க கத்துறாங்க, புள்ளைங்க அழுவுது. எறங்கறதுக்கு இருக்கறது அந்த ஒரே படிக்கட்டு.

நான் உருண்டு பொரண்டு கீழ வந்தேன். மீட்டர் ரூமு வாசல்ல நோயலு. அவன் எதிர்ல ஜார்ஜண்ணன், ஒரு கையால கதவு நெலய புடிச்சிகினு வழிய மறிச்சிகினு நிக்கிறாரு. இன்னொரு கையில கயிறு அறுக்குற கத்தி.

"தொடாதடா நோயலு. மெயினத் தொட்டா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"மாமு, பத்திகினு எரியுது மாமு!"

"அவ மேல கீறாடா! மிஷினு நின்னா அவ செத்துடுவாடா!"

"கரண்டு ஓட ஓட நெருப்பு நிக்காது மாமு. தண்ணி கூட ஊத்த முடியாது."

"சிலிண்டரு வரட்டும். ஒரு அரமணி நேரம். ஒரே அரமணி நேரம்டா, உன் கால்ல விழறேன்."

கத்திய போட்டுட்டு நெசமாவே விழப் போனாரு. நான் அவரு சட்டைய புடிச்சி தூக்குனேன். எனக்கு எங்கருந்து அவ்ளோ பலம் வந்துதோ. "யோவ், படிக்கட்டு ஒண்ணுதான்யா! நெருப்பு ஏறுனா ஒருத்தரும் எறங்க முடியாது. உன் பொண்டாட்டியும் மேலதான் கீறா! மகிழினி புள்ளயும் மேலதான் கீது!"ன்னு மூஞ்சிக்கு நேரா கத்துனேன். பாவி நானு, அவரப் பாத்து அப்டித்தான் கத்துனேன்.

அவரு என்னையே பாத்தாரு. அப்பால திரும்புனாரு. நோயல ஒதுக்கிட்டு உள்ள போனாரு. மெயின் சுச்சு கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சி, "ஜானட்டு"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு, கீழ இஸ்து வுட்டாரு.

பிளாக்குல ஓடிகினு இருந்தது அத்தினியும் நின்னு போச்சி. ரெண்டாவது மாடியில இருந்து அக்காவோட மிஷினு மட்டும் கத்த ஆரம்பிச்சிது. வழக்கமா கத்துற மாதிரி வுட்டு வுட்டு இல்ல. நிக்காம ஒரே சத்தம்.

அண்ணன் பொகைக்குள்ள பூந்து ஓடுனாரு. பின்னாலயே நானு, மூக்குல முந்தானைய பொத்திகினு. அக்கா கட்டில்ல எழுந்து குந்தியிருந்திச்சி. குழாய அதுவே கழட்டி தலகாணி மேல வெச்சிருந்திச்சி. அண்ணன் அக்காவ முதுவு மேல போட்டுகினு எறங்குனாரு. எரியிற பாயி அவரு தோள்ல சொட்டுது, அவரு கவனிக்கவே இல்ல. நோயலும் ஆம்பளைங்களும் மண்ண வாரிப் போட்டுகினு இருந்தாங்க. மேல இருந்தவங்க பின்னாலயே எறங்குனாங்க. தெருவுக்கு வந்ததும் அக்கா அவரு காதாண்ட எதோ கேட்டிச்சி. மூச்சே இல்ல, வார்த்தை எங்கருந்து வரும்? மறுபடி கேட்டிச்சி. "யோவ்... மகிழினி புள்ள... எறங்கிச்சா?"

"எறங்கிச்சி ஜானட்டு. தோ கீது பாரு."

அக்கா பாத்திச்சி. தலைய ஆட்டிச்சி.

ஆம்புலன்ஸு எங்கயோ மாட்டிக்கினு கீதுன்னாங்க. ஆட்டோவுல போட்டுகினு கெளம்புனோம். ரோட்டுக்கு வந்தா வரிசையா கன்டெய்னரு லாரி, துறைமுகத்துக்குள்ள போவ காத்துகினு நிக்குது. எங்க தெனப்படி கதை. அண்ணன் ஆட்டோவுலருந்து குதிச்சி லாரி லாரியா கதவத் தட்டுனாரு. "அண்ணே, ஒதுங்குண்ணே, கொஞ்சம் ஒதுங்குண்ணே, பொண்டாட்டி உசுருண்ணே." அவங்களும் மனுசங்கதான், முன்ன பின்ன நவுத்திப் பாத்தாங்க. எடம் இருந்தாத்தானே ஒதுங்க? நான் அக்காவ மடியில சாச்சிகினு முந்தானையால விசிறிகினே இருந்தேன். அந்த வெரலுங்கள நான் பாக்கல. பாக்கக் கூடாதுன்னு வெளிய பாத்துகினு வந்தேன்.

ஆஸ்பத்திரியில மாஸ்க்க மாட்டி உள்ள எடுத்தும் போனாங்க. உசுரு கீது, பாக்கலாம்னாங்க. அண்ணன் வெளிய தரையில குந்திகினாரு. தோள்ல கொப்புளத்துக்கு மருந்து போடலாம்னு நர்ஸம்மா கூப்ட்டாங்க, போவல. வூட்டு சாவிய எடுத்து என்னாண்ட குடுத்தாரு. "ஒயர பிரிச்சி போட சொல்லு நோயலாண்ட. அவ வந்தா கரண்டு வேணும்"ன்னாரு. அது ஒண்ணுதான் சொன்னாரு.

நோயலு ஆளுங்கள சேத்துகினு வேலைய ஆரம்பிச்சான். கயிற அறுக்க அறுக்க வரல, அந்தக் கட்டு அப்டி. நெருப்பு படாத எடத்துல பாயப் பிரிச்சா, வெளிய இருந்த ஒயருங்க கொஞ்சம் சுருங்கியிருந்திச்சி, அவ்ளோதான். நடுவுல இருந்த ஒண்ணு மட்டும் கரியாப் போயி, செம்புக் கம்பி வெளிய தெரிஞ்சிது. நோயலு அத்த கையில எடுத்துப் பாத்துட்டு கீழ போடவும் மனசில்லாம, வெச்சிக்கவும் மனசில்லாம நின்னான். அதுவரைக்கும் பிளாக்கே தெருவுலதான் குந்திகினு இருந்திச்சி. மகிழினி புள்ளைக்கு ஆளாளுக்கு மாத்தி மாத்தி விசிறுனோம். ஒருத்தரும் ஒரு வார்த்த கொற சொல்லல, அதையும் சொல்லிடறேன். டீக்கடை பேச்செல்லாம் பின்னால வந்தது.

வூட்டுக்கு ஒரு புது ஒயரு, தடியா. சுவத்துல மரச்சட்டம் அடிச்சி, ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல வெரல் போற மாதிரி எடம் வுட்டு, தனித்தனியா ஏத்துனாங்க. பாயும் இல்ல, கயிறும் இல்ல. ஜார்ஜண்ணன் வூட்டு ஒயர ஜன்னல் ஓரமா, நல்லா காத்து படற எடத்துல போட்டான் நோயலு.

மறுநாளு மதியானம் மெயினப் போட்டாங்க. "கரண்டு வந்துடுச்சே!"ன்னு தெருவே கூவுச்சி. பசங்க விசில் அடிச்சாங்க. நான் சாவிய எடுத்துகினு மாடிக்கு ஓடுனேன். அக்கா வரதுக்குள்ள வூட்ட கூட்டி, பொகை நாத்தம் போவ ஜன்னல தெறந்து வெப்போம்னு. ஓடசொல்லயே அண்ணனுக்கு போனப் போட்டேன். கதவத் தெறந்தேன்.

மிஷினு ஓடிகினு இருந்திச்சி. மொத நாளு இருந்த அவசரத்துல யாரு சுச்ச அமத்துனா? கரண்டு வந்ததும் அதுவே ஓட ஆரம்பிச்சிடுச்சி. பச்சை லைட்டு எரியுது. கத்தல, சீரா ஓடுது. தலகாணி மேல கெடந்த குழாயிலருந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வந்துகினே கீது. கட்டிலு காலி.

அண்ணன் போன எடுத்தாரு. எனக்குத்தான் வாய் நிக்காதே. "அண்ணே, கரண்டு வந்துடுச்சிண்ணே! நோயலு சூப்பரா போட்டுகீறாண்ணே. வோல்டேஜு கும்முன்னு வருது. அக்காவ எப்ப அனுப்புவாங்கன்னு கேளுண்ணே, நீ இட்டுகினு வந்துடு"ன்னு மூச்சு வுடாம சொன்னேன். அவரு அத்தினியையும் கேட்டாரு.

"ஜானட்டு போய்ட்டா நீலா. இப்பதான்."

அங்கயே கட்டில புடிச்சிகினு தரையில குந்திட்டேன். போனுக்குள்ள அந்த புஸ்ஸு புஸ்ஸு சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

"அது இன்னா சத்தம்?"

"மிஷின்ணே. தானா ஓடுது. தோ அமத்திடறேண்ணே."

"வேணாம் நீலா." குரலு கொஞ்சம் கூட நடுங்கல. "நேத்து அத்த நிறுத்துனது நானு. இன்னைக்கும் நானே வந்து நிறுத்தறேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

போன வெச்சிட்டாரு. நான் அங்கயே குந்திகினு இருந்தேன். அவரு வர்ற வரைக்கும் அது ஓடிகினே இருந்திச்சி.